பொட்டு வைத்த துப்பாக்கி

அத்தியாயம் ஆறு

ஆர்மோனியம் சுடப்பட்ட வழக்கில் நேரில் பார்த்த சாட்சிகள் நாற்பது பேர் இருந்தார்கள். அடிபட்டது ஒரே ஆள்தான், அந்த ஆர்மோனியம். வயிற்றில் ஓட்டையோடு அது இப்போது பசுமலை பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன் மூலையில் உட்கார்ந்திருந்தது. அழகுராஜா துருத்தியை ஒரு இழுப்பு இழுத்து ஒரு கட்டையை அமுக்கினான். 'ஙே' என்று அழுதது.

"ஏய்! அது எவிடென்ஸ், கைய வைக்காதே" என்று அதட்டினார் இன்ஸ்பெக்டர் பாண்டியராஜன்.

"வாக்குமூலம் வாங்குனேன் சார். அதுக்கு யார் மேலயும் சந்தேகம் இல்லையாம்."

சுபலட்சுமி திரும்பி ஒரு முறை முறைத்தாள். அழகு வாயை மூடிக்கொண்டான். அவளிடம் சேர்ந்த நாளாக அவன் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது இது ஒன்றைத்தான். துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் சுபலட்சுமி இன்சூரன்ஸ் சர்வேயர். எது தானாக எரிந்த கடை, எது முதலாளியே கொளுத்திய கடை என்று சாம்பலைப் பார்த்தே சொல்லிவிடுவாள். வாயில் எந்நேரமும் சோம்பு மெல்லுவாள். சோம்பு தீர்ந்துபோனால் அன்றைக்கு அவள் கிட்டே போகாமல் இருப்பது நல்லது.

நடந்தது இதுதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் நிறுவனர் நாள் நாடகத்துக்கு நேற்று ஒத்திகை. சரித்திர வாத்தியார் மெர்வினுக்குக் கலெக்டர் துரை வேஷம். தொப்பி, ஒட்டு மீசை, கையில் வாடகை ரிவால்வர். வசனத்தைப் பேசிவிட்டு மெர்வின் விசையை இழுத்தார். 'டப்' என்று கேப் வெடிக்க வேண்டிய இடத்தில் 'டமார்' என்றது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாளாளர் கிருபாகரனின் காதோரமாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போன நிஜத் தோட்டா, சர்ச்சிலிருந்து இரவல் வாங்கி வைத்திருந்த ஆர்மோனியத்தில் போய் இறங்கிவிட்டது.

போன மாதம்தான் மெர்வினும் தாளாளரும் ஸ்டாஃப் ரூமில் வாக்குவாதம் பண்ணி, சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருந்தது. போலீசுக்கு அது போதாதா? ராத்திரியே மெர்வினை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள்.

விடிந்ததும் விடியாததுமாய்க் கோச்சடையில் சுபலட்சுமியின் ஆபீஸ் கதவைத் தட்டியது ஆன்சி. மெர்வினுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண். தபால் ஆபீசில் வேலை. அழுது முடித்துவிட்டு வந்திருந்ததால் தெளிவாகப் பேசினாள்.

"அக்கா, நாளைக்கு எங்க சர்ச்சுல எங்களுக்கு மூணாம் ஓலை. மூணு ஞாயித்துக்கெழம ஆராதனையில எங்க பேர வாசிச்சு, தடை சொல்ல யாரும் இருக்கீகளான்னு போதகர் கேப்பாரு. ரெண்டு வாசிச்சாச்சு. நாளைக்கு நானே எந்திரிச்சுத் தடை சொல்லுவேன்னு தாளாளர் ஊரு முழுக்கச் சொல்லிட்டாரு. அவரு சொன்னா யாரும் தட்ட மாட்டாங்க. கல்யாணம் நின்னு போயிரும்க்கா. எனக்கு அவுகதான் வேணும்."

இப்படி ஒரு பெண் நேருக்கு நேராகச் சொல்லிவிட்டால் சுபலட்சுமி என்ன செய்வாள்? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஸ்டேஷனில் இன்னொருவரும் இருந்தார். ரிவால்வரை வாடகைக்குக் கொடுத்த பெர்சி. கோச்சடையில் நாடகப் பொருள் கடை வைத்திருப்பவர். கழுத்தில் மாதா பதக்கம் போட்ட சங்கிலி, முகத்தில் துக்க வீட்டுக்கு வந்த பாவனை. எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, சுபலட்சுமிக்கு அவரே விளக்கம் சொன்னார்.

"பழைய காலத்து ரிவால்வரோட நகல் மேடம் இது. அந்தக் காலத்துல உருளையில ஒவ்வொரு ஓட்டையிலயும் மருந்து கொட்டி, குண்டு திணிச்சு, பின்னாடி கேப் சொருகிச் சுடுவாங்க. நாடகத்துக்கு மருந்து எதுக்கு, குண்டு எதுக்கு? வெறும் கேப்தான். ஆறு கேப் போட்டு, உறையோட அவர் கையில குடுத்தேன். ஆயுத பூஜைக்கு முன்னாடியே வாங்கிட்டுப் போயிட்டாரு. இம்புட்டு நாளா அவர் கையிலதான் கெடந்துச்சு. என்கிட்ட இருந்ததே இது ஒண்ணுதான். இப்பப் பாருங்க, உள்ள என்னத்தையோ மாத்தி வச்சிருக்காரு. நல்ல மனுசன்னு நெனச்சேன்."

உள்ளறையிலிருந்து மெர்வினின் குரல் வந்தது. "பொய் சொல்றாரு மேடம்! வியாழக்கெழமதான் குடுத்தாரு! கேப் உள்ள இருக்கு, தொறக்காதீங்க, அமுக்குனாப் போதும்னாரு!" ஒட்டு மீசையின் பாதி இன்னும் உதட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்துவிடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

பெர்சி பெருமூச்சு விட்டார். கடைக்கு யாரோ வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். போகும்போது அழகின் தோளைத் தட்டி, "டீ ஆறிடப் போகுது தம்பி" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"தங்கமான மனுசன்" என்றான் அழகு, டீயை உறிஞ்சிக்கொண்டே.

சுபலட்சுமி ரிவால்வரைக் கேட்டாள். கைரேகை எல்லாம் எடுத்து முடித்திருந்ததால் இன்ஸ்பெக்டர் யோசிக்காமல் நீட்டினார். மிச்சத் தோட்டாக்களை முன்பே எடுத்துத் தனியாகக் கட்டி வைத்திருந்தார்.

"பழைய உருளையக் கழட்டிக் கடாசிட்டு, தோட்டா போடுற உருளை ஒண்ண மாட்டியிருக்கான் மேடம். ரெண்டு துண்டு. உருளை ஒண்ணு, அதுக்குப் பின்பக்கம் ஒரு மூடி. மூடியில இருக்கிற ஊசி தோட்டாவ அடிக்கும். அவ்வளவுதான், பொம்மை நெஜமாயிருச்சு."

"மூடியக் கழட்டுங்க."

மூடி கழன்றது. உருளையின் முதுகில், இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே, மஞ்சளாய்க் காய்ந்து ஒட்டியிருந்தது ஒரு வட்டம். அதன் நடுவில் சிவப்பு.

"அக்கா, துப்பாக்கிக்கு அம்மை போட்டிருக்கா?"

"சந்தனம்டா. நடுவுல குங்குமம்." அவள் கண்கள் சிரித்தன. "ஆயுத பூஜைப் பொட்டு. மூடிய மாட்டுனப்புறம் வச்சா உள்ளுக்க வருமா? அன்னிக்கு இது ஏதோ ஒரு பட்டறையில ரெண்டு துண்டாக் கெடந்திருக்கு. பட்டறைக்காரர் சுத்தியல், ஸ்பேனர், ரிப்பேருக்கு வந்த சாமான், ஒண்ணு விடாம பொட்டு வச்சிருக்காரு."

"அப்ப வெளிப்பக்கம் ஏன் ஒண்ணையும் காணோம்?"

"தொடச்சிருக்காரு."

"பூஜைப் பொட்ட யாருக்கா தொடைப்பா? எங்க மாமா பஸ் ஸ்டியரிங்குல போன வருசப் பொட்டே இன்னும் இருக்கு. அதுவா உதுந்தாத்தான் உண்டு."

"அதான் நானும் கேக்குறேன். ஏன் தொடச்சாரு? வேலை குடுத்தவரு பொட்டு வைக்காத ஆளு. சாமானத் திருப்பி வாங்கும்போது அவருக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு மரியாதைக்குத் தொடச்சிருக்காரு. மூடிக்குள்ள ஒண்ணு இருந்தத மறந்துட்டாரு."

இன்ஸ்பெக்டர் மேசையில் ஓங்கித் தட்டினார். "பலே மேடம்! பொட்டு வைக்காத ஆளு. அதாவது வேதக்காரரு, கிறிஸ்தவரு. மெர்வின் வேதக்காரரு. பூஜைக்கு முன்னாடியே துப்பாக்கிய வாங்குனவரு. கேஸ் முடிஞ்சு போச்சு. சாயங்காலம் மாஜிஸ்டிரேட் முன்னாடி நிறுத்திருவேன்."

வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆன்சியின் முகம் வெளுத்துப் போனது. அழகு குனிந்து கிசுகிசுத்தான். "அக்கா, நாம யாருக்கு வேலை பாக்குறோம்? கட்சி மாறிட்டீகளா?"

"சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றாள் சுபலட்சுமி. குரலில் கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது. "இத மாட்டுன ஆள மொதல்ல பிடிப்போம். இங்க பாரு, என்னது இது?"

உருளையின் ஓரத்தில் இரண்டு புள்ளிகள் குத்தியிருந்தன. மூடியின் ஓரத்திலும் அதே போல இரண்டு. அழகு குனிந்து பார்த்தான், சட்டென்று முகம் மலர்ந்தான். செக்கானூரணி பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அவன். பிறந்ததிலிருந்து பார்த்த மிஷின் ஒன்று உண்டென்றால் அது தண்ணீர் மோட்டார்.

"இது மோட்டார் மெக்கானிக் வேலைக்கா! கழட்டும்போது ரெண்டு பாகத்துலயும் புள்ளி குத்திக்குவாங்க. திரும்ப மாட்டுறப்ப புள்ளிக்குப் புள்ளி நேரா வந்தாத்தான் சரியா உக்காரும். ஆனா இது ஏன் மூணு மூலையா இருக்கு? வட்டமால்ல இருக்கணும்?"

"புள்ளி குத்துற ஊசியோட முனை உடைஞ்சிருக்கும்."

"உடைஞ்ச ஊசிய மாத்தாத ஆளு. எங்க பக்கத்து ஆளேதான்."

உடனே போனை எடுத்தான். 'மேலூட்டுச் சொந்தங்கள்' என்ற வாட்ஸப் குரூப்பில் இப்படி ஒரு செய்தி போட்டான்: 'எல்லாரும் உங்க தண்ணி மோட்டார் மூடியப் போட்டோ எடுத்து உடனே அனுப்பவும். அவசரம். ஏன்னு யாரும் கேக்க வேண்டாம்.'

எல்லாரும் ஏன் என்று கேட்டார்கள். மானியம் வருகிறதா என்று ஒரு சித்தப்பா. மோட்டாரைக் கணக்கெடுத்துப் பிடுங்கிக்கொண்டு போகப் போகிறார்களா என்று இன்னொரு சித்தப்பா. ஒரு அத்தை மிக்சியைப் படமெடுத்து அனுப்பினாள். ஒருவர் காலை வணக்கம் ரோஜாப்பூ அனுப்பினார், அவர் எது கேட்டாலும் அதைத்தான் அனுப்புவார். ஆனாலும் படங்கள் வந்து குவிந்தன. பெரியம்மா அழகம்மாள் அனுப்பிய படத்தில், துருப்பிடித்த மூடியின் ஓரத்தில், மூன்று மூலையோடு இரண்டு புள்ளிகள் முழித்துக்கொண்டிருந்தன.

"பெரியம்மா! இத யாரு ரிப்பேர் பாத்தது?"

"நம்ம காசிமாயன்தேன். செக்கானூரணி ரோட்டுல பட்டறை. ஏண்டா, மோட்டாருக்கு எதுவும் ஆபத்தா?"

"மோட்டாருக்கு இல்ல பெரியம்மா, காசிமாயனுக்கு!"

*

காசிமாயன் பட்டறையில் மோட்டார்கள் வரிசையாய்ப் படுத்துக் கிடந்தன. எல்லாவற்றின் நெற்றியிலும் பூஜைப் பொட்டு இன்னும் காயாத மாதிரி இருந்தது. போட்டோவைக் காட்டியதும் காசிமாயன் கையைத் துடைத்துக்கொண்டு, "இது என்ன சாமான்னே தெரியாது தாயி" என்றார். ரொம்ப வேகமாகச் சொன்னார்.

அழகு வாயைத் திறக்கப் போனான். சுபலட்சுமி முந்திக்கொண்டாள்.

"சரி, வேற யாராவது செஞ்சிருப்பாங்க. நல்ல மெக்கானிக்கா இருந்தா உருளை இப்புடி லொட லொடன்னு ஆடுமா? குண்டு கோணலாப் போயி ஆர்மோனியத்துல இறங்கிருச்சு."

"ஆடுதா?" காசிமாயனுக்கு மூக்கு விடைத்தது. "ஆடுதாமா? என் கையில பட்டது ஆடுமா? மயிரிழை எடம் இல்லாம உக்கார வச்சுல குடுத்தேன்! ஓட்டிப் பாத்துட்டுத்தேன் குடுத்தேன். மோட்டாரு குடுக்குறப்ப உள்ளுக்கத் தண்ணி ஊத்தாமயா குடுப்போம்? அந்த மாதிரி தோட்டாவும் போட்டு, அமுக்குனா வேலை செய்யுற மாதிரி..."

பேச்சு பாதியில் நின்றது. சுபலட்சுமி சோம்புப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். காசிமாயன் ஒரு சிட்டிகை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"சினிமா சூட்டிங்குன்னு சொன்னாக தாயி. தோட்டாவும் சினிமாத் தோட்டான்னாக. உருளையும் அவுகளே குடுத்து விட்டாக, ஒக்கார வைக்கிறதுதேன் என் வேலை. ஆட்டோவுல ஒரு பையில வந்துச்சு, ஆட்டோவுலயே போயிருச்சு. மொகத்தப் பாத்ததில்ல, போனுல பேச்சுதேன். நெசத் தோட்டான்னு சத்தியமாத் தெரியாது."

"பொட்டு?"

"பூஜை அன்னிக்கு எல்லாத்துக்கும் வச்சேன். மத்தியானம் அவரு போன் போட்டாரு. 'முடிஞ்சிருச்சு சார், பூஜையப் போட்டுப் பொட்டு வச்சிருக்கேன், நாளைக்கு ஆள அனுப்புங்க'ன்னேன். அப்ப அங்குட்டு வேதக்கோயில் மணி அடிச்சுச்சு. மனுசன் பேச்ச நிறுத்திட்டு வாய்க்குள்ளயே ஏதோ செபம் சொன்னாரு. மரியே, மரியேன்னு காதுல விழுந்துச்சு. அடடா, வேதக்காரருக்கு வந்த சாமானுக்குப் பொட்ட வச்சுப்புட்டமேன்னு எனக்கு ஒரு மாதிரி ஆகிப்போச்சு. 'தொடச்சுர்றேன் சார்'ன்னேன். 'இருக்கட்டும், அழிக்காதீங்க, அடையாளத்துக்கு ஆகும்'ன்னாரு. பெரிய மனுசன், நம்ம மனசு நோகக் கூடாதுன்னு அப்புடிச் சொல்றாருன்னு நெனச்சேன். நம்மளும் மரியாதை காட்டணும்ல? மண்ணெண்ணெய் போட்டுச் சுத்தமாத் தொடச்சுத்தேன் அனுப்பி வச்சேன்."

வெளியே வந்ததும் அழகு பைக்கில் சாய்ந்து நின்றான். முகம் தொங்கிப் போயிருந்தது. "போச்சுக்கா. வேதக்காரர், மணி, செபம். எல்லாம் மெர்வின் சாரத்தான் கைகாட்டுது. ஆன்சி அக்காகிட்ட யாரு போய்ச் சொல்றது? நான் சொல்ல மாட்டேன்."

"மெர்வின் எந்தச் சபை?"

"வேதக்காரர்ல என்னக்கா சபை, எல்லாம் ஒண்ணுதான?"

"இத ஆன்சி முன்னாடி சொல்லிப்புடாத. மெர்வின் வீட்டுல யாரும் மாதாவக் கும்பிட்டுச் செபம் சொல்ல மாட்டாங்க. அது கத்தோலிக்கர் வழக்கம். மத்தியான மணி அடிச்சா நின்ன எடத்துலயே சொல்லுவாங்க." அவள் குரல் துள்ளியது. "அதவிடு. 'அடையாளத்துக்கு ஆகும்'னாரே, அதப் பாரு. உன்கிட்ட பைக் எத்தனை இருக்கு?"

"இந்த ஓட்ட வண்டி ஒண்ணுதான், அதுக்கும் ஹார்ன் இல்ல."

"இதுக்கு அடையாளம் வச்சிருக்கியா?"

"ஒண்ணே ஒண்ணுக்கு எதுக்குக்கா அடை..." அழகின் வாய் அப்படியே நின்றது. மெல்ல மெல்லப் பல் தெரிந்தது. "ஆத்தி! ரெண்டு துப்பாக்கி!"

"மெர்வின் கையில இருந்தது ஒண்ணுதான். ஒண்ணு மாதிரியே ரெண்டு வச்சிருக்கவனுக்குத்தான் எது நெசம், எது பொம்மைன்னு அடையாளம் வேணும். ஏறு. பெர்சி கடைக்கு விடு. போற வழியில இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டு, சட்டைப் பையில வச்சுக்க. கட் பண்ணிராத."

"அந்தத் தங்கமான மனுசனா? டீ எல்லாம் வாங்கிக் குடுத்தாரேக்கா!"

"அவரு கழுத்துல மாதா பதக்கம் தொங்குனதப் பாக்கலையா? உன்ன வாங்குறதுக்கு ஒரு டீ போதும்னு தெரிஞ்சு வச்சிருக்காரு."

*

பெர்சியின் கடைக்குள் நுழைந்ததும் அழகுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட்டைக் கத்திக்குப் பொட்டு. தெர்மாக்கோல் சிம்மாசனத்துக்குப் பொட்டு. எமன் கதாயுதத்துக்குப் பொட்டு. மூலையில் தொங்கிய பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக்கும் மண்டையில் வட்டமாய்ச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம். அது மட்டும்தான் அந்தக் கடையில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் தமிழ்வாணி வேலை" என்று கடையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் காட்டினார் பெர்சி. "பூஜை அன்னிக்கு ஆசையாக் கேட்டுச்சு. நான் சர்ச்சுக்குப் போயிட்டேன், நீ பாட்டுக்குச் செய்யும்மான்னுட்டேன். மறுநா வந்து பாத்தா ஒட்டடைக் கம்புக்கும் பொட்டு."

"நல்ல மனசு சார் உங்களுக்கு" என்றாள் சுபலட்சுமி. தமிழ்வாணி பக்கம் திரும்பி, சாதாரணமாகக் கேட்டாள். "ஏம்மா, இந்த மாதிரி ரிவால்வர் இன்னொண்ணு இருக்குமே, அது எங்க?"

"ஒண்ணுதான்னு..." பெர்சி ஆரம்பித்தார்.

"டிராயர்ல இருக்கே மேடம்!" தமிழ்வாணி பளிச்சென்று எழுந்தாள். "காலைல ஒரு பெரிய மீசைக்காரரு வந்து, ஏமாத்திட்டீங்கன்னு கத்திட்டு, தூக்கி எறிஞ்சுட்டுப் போனாரே சார், அதான? நாந்தான் எடுத்து உள்ள வச்சேன்."

பெர்சி அவளைப் பார்த்த பார்வையில் கொஞ்சம்கூடத் தங்கம் இல்லை. தமிழ்வாணி டிராயரைத் திறந்து நீட்டினாள். அச்சு அசல் அதே ரிவால்வர். மரப்பிடியில் அழகாய் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

சுபலட்சுமி அதை வாங்கிக்கொண்டாள். முகம் கல்லாய் மாறியது.

"ஆக இதுதான் அது. பெர்சி சார், மெக்கானிக் காசிமாயனப் பாத்துட்டுத்தான் வாரோம். தோட்டா உருளை மாட்டுன துப்பாக்கிக்குத் தன் கையாலயே பொட்டு வச்சேன்னு சொல்லிட்டாரு. பொட்டு வச்ச துப்பாக்கி உங்க டிராயர்ல இருக்கு. உள்ள ஆறு தோட்டா. தள்ளுங்க எல்லாரும், சுட்டுப் பாத்துட்டு இன்ஸ்பெக்டர்கிட்ட ஒப்படைக்கிறேன்."

சொல்லிக்கொண்டே எலும்புக்கூட்டைப் பார்த்துக் குறி வைத்தாள். "அய்யோ அக்கா!" என்று அலறி அழகு சிம்மாசனத்துக்கு அடியில் பாய்ந்தான். தெர்மாக்கோல் கால் ஒன்று முறிந்து சிம்மாசனம் முழுவதும் அவன் மேல் உட்கார்ந்தது. தமிழ்வாணி காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போனாள்.

பெர்சி மட்டும் நின்ற இடத்தில் அசையாமல் நின்றார். பயம் இல்லை அவர் முகத்தில். ஆத்திரம்தான் பொங்கி வந்தது.

"மேடம், என்ன இது அநியாயம்! இது வெறும் கேப் துப்பாக்கி! இது தமிழ்வாணி வச்ச பொட்டு! அந்தாளு வச்ச பொட்டத்தான் அவனே அழிச்சுத் தொலைச்சுட்டானே!"

'டப்.'

பிள்ளைகள் தீபாவளிக்குச் சுடும் சத்தம்தான். துளிப் புகை எழுந்தது. எலும்புக்கூடு சிரித்தபடியே ஆடியது.

சுபலட்சுமி ரிவால்வரை மேசையில் வைத்தாள். "காசிமாயன் பொட்ட அழிச்சாருன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

பெர்சி கழுத்துப் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொல்லல. அழகு சொல்லல. அழிக்காதீங்க, அடையாளத்துக்கு ஆகும்னு போன்ல கேட்டுக்கிட்ட ஆளுக்குத்தான் இது தெரியும். தமிழ்வாணி பொம்மைக்கும் பொட்டு வச்சிருக்கும்னு யோசிக்காம, பொட்டு வச்சதுதான் நெசம்னு நெனச்சு, அத மீசைக்காரருக்கு வித்தீங்க. பொட்டு இல்லாதத பொம்மைன்னு மெர்வினுக்கு வாடகைக்கு விட்டீங்க. திறந்து பாக்கணும்னுகூடத் தோணல. நேத்து ஆர்மோனியத்துல குண்டு பாஞ்சப்புறம்தான் மாறிப்போச்சுன்னு விளங்கியிருக்கு. அப்பவாவது வாயத் தொறந்திருக்கலாம். ஒரு பொண்ணோட கல்யாணத்தக் காவு குடுக்கப் பாத்தீங்களே சார்!"

அவள் குரல் நடுங்கியது. கோபம் வந்தால் அவளுக்கு அப்படித்தான்.

பெர்சி நாற்காலியில் சரிந்தார். "ஒருத்தி ஆசைக்குப் பொட்டு வச்சா. ஒருத்தன் மரியாதைக்குப் பொட்ட அழிச்சான். ரெண்டு பேரும் நல்லது செஞ்சு என்னைக் கவுத்துட்டாங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

முறிந்த சிம்மாசனத்துக்கு அடியில், அழகின் சட்டைப் பையிலிருந்து இன்ஸ்பெக்டர் பாண்டியராஜனின் குரல் கேட்டது. "எல்லாம் கேட்டுச்சு மேடம். வாசல்லதான் நிக்கிறேன், உள்ள வாரேன். அந்த மீசைக்காரரத் தேடவும் ஜீப் போயிருச்சு."

"சார், வரும்போது என்னையும் வெளிய எடுத்து விடுங்க" என்றான் அழகு.

*

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அழகும் சுபலட்சுமியும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மெர்வின். பசை போட்டு ஒட்டிய மீசை பாதித் தோலோடு வந்திருந்ததால் மேலுதடு சிவந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் ஆன்சி. ஆர்மோனியம் இன்னும் ஸ்டேஷனிலேயே கிடந்ததால், பாட்டை எல்லாரும் அவரவர் சுருதியில் பாடிக்கொண்டிருந்தார்கள்.

போதகர் ஓலையை வாசித்தார். "இது மூன்றாம் முறை. இவர்கள் விவாகத்துக்குத் தடை சொல்ல யாராவது இருந்தால் இப்போது சொல்லலாம்."

முன்வரிசையில் தாளாளர் கிருபாகரன் எழுந்து நின்றார்.

ஆன்சி முன் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். "அக்கா, இவரு என்ன, பேப்பர் படிக்கலையா?" என்றான் அழகு.

"தடை சொல்லுவேன்னு ஊரெல்லாம் சொன்னவன் நான்" என்றார் கிருபாகரன். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று சத்தமாகவே பேசினார். "அதனால ஊர் முன்னாடியே சொல்லுறேன். எனக்குத் தடை இல்ல. மெர்வின் சார் மேல அபாண்டமாச் சந்தேகப்பட்டுட்டேன். அவர் என்னை மன்னிக்கணும். இன்னொண்ணு ஐயா, நாடகத்த நிறுத்த வேண்டாம். துரை வேஷத்துல அவரே நடிக்கட்டும். நான் மட்டும் கடைசி வரிசையில உக்காந்துக்கிறேன்."

கோயிலுக்குள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சபை ஒரு நொடி திணறியது. பிறகு போதகரே சிரித்துவிட்டார். மெர்வின் எழுந்து போய் தாளாளரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேறு யாருக்காவது தடை உண்டா?" என்று முறைப்படி மறுபடியும் கேட்டார் போதகர்.

அந்த நேரம் பார்த்து அழகுக்குத் தும்மல் வந்தது. நேற்றைய தெர்மாக்கோல் தூசி. சுபலட்சுமி பாய்ந்து அவன் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தினாள். முன்னால் ஆன்சி மெதுவாகத் திரும்பி, கோயிலில் இருந்த அத்தனை பேரையும் வரிசை வரிசையாகப் பார்த்தாள். ஒரு குருவிக் குஞ்சுகூட வாய் திறக்கவில்லை.

"இல்லை" என்று சொல்லி போதகர் ஓலையை மடித்தார். ஆன்சி முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு, சிரித்துக்கொண்டே அழுதாள்.

சுபலட்சுமி கையை எடுத்தாள். அழகு போட்ட தும்மலில் சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மெர்வின் ஒருவர்தான் 'டமார்' என்று நினைத்து பெஞ்சுக்கு அடியில் குனிந்தார்.